பரிவேடம் சூடிய அணுக்கரு: லித்தியம்-11 முதல் கோலார் தங்கம் வரை

சில இரவுகளில் நிலவைச் சுற்றி வெளிறிய வளையம் ஒன்று தெரியும். "நிலா கோட்டை கட்டியிருக்கு, மழை வரும் பாரு" என்பார்கள் நம் ஊர்ப்பக்கத்துப் பெரியவர்கள். 'அகல் வட்டம் பகல் மழை' என்று பழமொழியே உண்டு. இலக்கியத் தமிழில் அந்த வளையத்துக்குப் பரிவேடம் என்று பெயர். நிலவு சிறியதாகத் தெரியும். பரிவேடமோ வானத்தில் பெரிய இடத்தை அடைத்துக்கொள்ளும்.

கடந்த நாற்பது ஆண்டுகளாக அணுக்கரு இயற்பியலிலும் ஒரு பரிவேடம் பற்றிப் பேசுகிறார்கள். நியூட்ரான்கள் அளவுக்கு மீறிச் சேர்ந்துவிட்ட சில அணுக்கருக்களில், கடைசியாக ஒட்டிக்கொண்ட ஒன்றிரண்டு நியூட்ரான்கள் உடம்போடு சேராமல் வெகுதூரம் தள்ளி ஒரு மெல்லிய வளையமாகப் பரவி நிற்கின்றன. இவற்றைப் பரிவேட அணுக்கருக்கள் என்று இக்கட்டுரையில் அழைப்போம்.

"எங்கேயோ ஆய்வுக்கூடத்தில் நடக்கும் இந்த விஷயத்துக்கும் பெங்களூர்த் தமிழர்களாகிய நமக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்கத் தோன்றும். சம்பந்தம் மூன்று இடங்களில் இருக்கிறது. ஒன்று திருவான்மியூர்க் கோயில் தூண். இரண்டாவது நம் சதாசிவநகரில் உள்ள ராமன் ஆராய்ச்சி நிலையம். மூன்றாவது கோலார் தங்கவயல். இந்த மூன்றையும் கோக்கிற நூல், அளவுக்கு மீறிய நியூட்ரான்களைச் சுமக்கும் அணுக்கரு எப்படிக் கட்டுண்டு நிற்கிறது என்ற ஒரே கேள்விதான். வரலாற்றை முதலிலிருந்து பார்ப்போம்.

லட்டுக் கணக்கு

அணுவின் நடுவில் கரு இருப்பதை 1911இல் ரூதர்ஃபோர்டு நிறுவினார். அதற்குள் மின்னேற்றம் இல்லாத நியூட்ரான் இருப்பதை 1932இல் ஜேம்ஸ் சாட்விக் கண்டார். அதன் பிறகு படம் தெளிவானது: கருவுக்குள் புரோட்டான்களும் நியூட்ரான்களும் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. புரோட்டான் எண்ணிக்கை எந்தத் தனிமம் என்பதைத் தீர்மானிக்கிறது. நியூட்ரான் எண்ணிக்கை கூடலாம், குறையலாம். ஒரே தனிமத்தின் இப்படிப்பட்ட வகைகளைத்தான் ஐசோடோப்புகள் என்கிறோம்.

கருவின் பருமன் பற்றி ஒரு எளிய விதி விரைவிலேயே கிடைத்தது. பூந்தியை உருண்டை பிடிப்பது போலத்தான். பூந்தியை எட்டு மடங்கு எடுத்தால் லட்டின் ஆரம் இரண்டு மடங்காகும். லட்டின் அடர்த்தி மாறாது. அணுக்கருவும் அப்படியே. சின்னக் கருவானாலும் பெரிய கருவானாலும் உள்ளே அடர்த்தி ஏறக்குறைய ஒன்றுதான். இந்த அளவுகளை ஃபெர்மி என்ற அலகில் சொல்வார்கள். ஒரு மில்லிமீட்டரை லட்சம் கோடிக் கூறாக்கினால் அதில் ஒரு கூறு ஒரு ஃபெர்மி.

இந்தக் கணக்கு நிலையான அணுக்கருக்களை அளந்து பெற்றது. இயற்கையில் அழியாமல் இருக்கும் அப்படிப்பட்ட கருக்கள் சுமார் 250. ஆய்வுக்கூடங்களில் ஆக்கியவற்றையும் சேர்த்தால் 3,000க்கும் மேல். ஒரு தனிமத்தில் நியூட்ரான்களை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் அடுத்த நியூட்ரான் ஒட்டவே ஒட்டாது. நிரம்பிய குடத்தில் ஊற்றும் தண்ணீர் போல வெளியே சிந்திவிடும். அந்த எல்லையைச் சிந்துகோடு என்று சொல்லலாம். லட்டுக் கணக்கு சிந்துகோடு வரைக்கும் செல்லுமா என்று 1980கள் வரை யாரும் நேரடியாக அளந்து பார்க்கவில்லை.

1985: பருத்துப் போன லித்தியம்

கைபேசி பேட்டரியில் இருக்கிற லித்தியம்தான் இங்கே கதாநாயகன். இயற்கையில் கிடைக்கும் லித்தியம் கருவில் 3 புரோட்டான்கள். நியூட்ரான்கள் 3 அல்லது 4. ஆனால் 3 புரோட்டான்களோடு 8 நியூட்ரான்களைக் கொண்ட லித்தியம்-11 என்ற கருவும் இருக்கிறது. 1966இல் அமெரிக்காவின் பெர்க்லியில் இதைக் கண்டறிந்தார்கள். ஒரு வினாடியை ஆயிரம் பங்காக்கினால் அதில் ஒன்பது பங்குக்கும் குறைவானதுதான் இதன் அரை ஆயுள். பாட்டிலில் பிடித்து வைத்து அளக்க முடியாது. உண்டான கணமே பறக்கவிட்டு, பறக்கும்போதே அளக்க வேண்டும்.

அதைத்தான் ஜப்பானைச் சேர்ந்த இசாவோ தனிஹாட்டாவும் அவர் குழுவினரும் பெர்க்லியின் பெவலாக் முடுக்கியில் செய்தார்கள். வேகமாக ஓடும் பெரிய கருக்களை பெரிலியத் தகட்டில் மோதவிட்டு உடைத்தால், சிதறும் துண்டுகளில் லித்தியம் ஐசோடோப்புகளும் இருக்கும். அவற்றைக் காந்தங்களால் பிரித்தெடுத்து, இன்னொரு தகட்டின் வழியே செலுத்தினார்கள். எத்தனை கருக்கள் எதிலும் மோதாமல் முழுசாக வெளியே வருகின்றன என்று எண்ணினார்கள். கண்ணைக் கட்டிக்கொண்டு தோப்புக்குள் கல்லெறிந்தால், அடிபடும் எண்ணிக்கையை வைத்து மரங்கள் எவ்வளவு பருமன் என்று சொல்லிவிடலாம் அல்லவா? அதே உத்திதான்.

முடிவு 1985இல் வெளியானது. லித்தியம்-9 எதிர்பார்த்த அளவிலேயே இருந்தது. சராசரி ஆரம் சுமார் 2.4 ஃபெர்மி. இரண்டு நியூட்ரான் கூடினால் லட்டுக் கணக்குப்படி ஆரம் 7 விழுக்காடுதான் வளர வேண்டும். ஆனால் லித்தியம்-11இன் ஆரம் 3.27 ஃபெர்மி என்று வந்தது. 7 விழுக்காடு எதிர்பார்த்த இடத்தில் 35 விழுக்காடு! கரு முழுவதுமே ஊதிப்போய்விட்டதா, அல்லது கோணல்மாணலாக நீண்டுவிட்டதா என்ற சந்தேகம் எழுந்தது.

1987இல் டென்மார்க்கின் கிரேகர்ஸ் ஹான்சனும் சுவீடனின் பியோர்ன் யோன்சனும் விடையை முன்வைத்தார்கள். நடுவில் இருக்கும் லித்தியம்-9 அப்படியேதான் இருக்கிறது. கடைசி இரண்டு நியூட்ரான்கள் மட்டும் தூரத்தில் பரவி நிற்கின்றன என்றார்கள். பரிவேடம் என்று பொருள்படும் பெயர் நிலைத்தது இவர்களின் கட்டுரையால்தான். பின்னர் வந்த அளவைகள் இதை உறுதி செய்தன. 2006இல் கனடாவின் டிரையம்ஃப் ஆய்வகத்தில் லேசர் கொண்டு அளந்தபோது, புரோட்டான்களின் பரவல் லித்தியம்-9இல் இருந்ததைவிட லித்தியம்-11இல் கொஞ்சமே கூடியிருந்தது. ஆக, பருத்தது நடு உடம்பு அல்ல, நியூட்ரான் வளையம். அந்த வளையத்தின் பரவலை மட்டும் எடுத்துக்கொண்டால், 208 துகள்களைக் கொண்ட ஈயத்தின் கருவளவுக்கு வந்துவிடுகிறது. பதினொரே துகள்களைக் கொண்ட கரு இவ்வளவு இடத்தை அடைக்கிறது!

ஏன் இப்படி? சாதாரணக் கருவிலிருந்து ஒரு நியூட்ரானைப் பிடுங்கச் சுமார் 80 லட்சம் எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வேண்டும். லித்தியம்-11இலிருந்து இரண்டையும் சேர்த்தே கழற்ற 3 லட்சத்து 69 ஆயிரம் போதும் என்று 2008இல் டிரையம்ஃபில் துல்லியமாக அளந்தார்கள். இருபதில் ஒரு பங்குகூட இல்லை. ஆழமான கிணற்றின் அடியில் கிடக்கும் பந்து அங்கேயே கிடக்கும். ஆனால் குவாண்டம் துகள் பந்து அல்ல, அலை. கிணற்றின் விளிம்பை ஒட்டி நிற்கும் அலை, சுவரைத் தாண்டி வெளியே கசிகிறது. அணுக்கரு விசை எட்டும் தூரம் இரண்டு மூன்று ஃபெர்மிதான். அந்த இரு நியூட்ரான்களும் பெரும்பொழுதை விசை எட்டாத வெளியில்தான் கழிக்கின்றன. இருந்தும் பிரிந்து போய்விடவில்லை. வெளிமாநிலத்தில் குடியேறிய நமக்கு இந்த உவமை பிடிக்கும்தான். ஆனால் அதை இதற்கு மேல் இழுக்க வேண்டாம்.

மூன்று இருந்தால் கட்டு, இரண்டானால் அவிழ்ப்பு

லித்தியம்-11இன் அடிநிலை அமைப்பில் இன்னொரு விசித்திரம் உண்டு. அதை மூன்று பகுதிகளாகப் பார்க்கலாம்: நடுவில் லித்தியம்-9, கூடவே நியூட்ரான் ஒன்று, நியூட்ரான் இரண்டு. இதில் ஒரு நியூட்ரானை எடுத்துவிட்டால் மிஞ்சுவது லித்தியம்-10. அது கட்டுண்டு நிற்பதில்லை, உடனே சிதறிவிடும். நடுக்கருவை எடுத்துவிட்டால் மிஞ்சுவது இரண்டு நியூட்ரான்கள். அவையும் தனியே சேர்ந்திருப்பதில்லை. எந்த இரண்டும் ஒட்டாது. மூன்றும் சேர்ந்தால் ஒட்டும்!

இத்தாலியில் பொரோமியோ என்ற பிரபுக் குடும்பத்தின் சின்னத்தில் மூன்று வளையங்கள் இருக்கும். எந்த இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று கோத்தவை அல்ல. ஆனால் மூன்றையும் சேர்த்துப் பிரிக்க முடியாது. ஒன்றை வெட்டினால் மற்ற இரண்டும் தானாகக் கழன்றுவிடும். அதனால் இப்படிப்பட்ட கருக்களுக்கு பொரோமியக் கருக்கள் என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

அதே பின்னல் நம் ஊரிலும் இருக்கிறது. சென்னை திருவான்மியூரில் சம்பந்தரும் அப்பரும் பாடிய மருந்தீசுவரர் கோயிலில், ஒரு தூணில் மூன்று சமபக்க முக்கோணங்களைச் சிக்குக் கோலம் போலப் பின்னிச் செதுக்கியிருக்கிறார்கள். மேலே எது, கீழே எது என்று கவனமாகத் தொடர்ந்து பார்த்தால், எந்த இரண்டு முக்கோணமும் கோத்தவை அல்ல, மூன்றும் சேர்ந்துதான் கட்டு என்பது தெரியும். சென்னை ஐ.ஐ.டி.யின் இயற்பியல் பேராசிரியர் அருள் லட்சுமிநாராயண் இதைக் கவனித்து 2007இல் கட்டுரையாக எழுதினார். அது வெளிவந்தது 'ரெசனன்ஸ்' இதழில். அந்த இதழை நடத்துவது, சர் சி. வி. ராமன் 1934இல் பெங்களூரில் தொடங்கிய இந்திய அறிவியல் அகாடமி.

இதை வைத்து "நம் முன்னோர்களுக்கு அணுக்கரு இயற்பியல் அப்போதே தெரியும்" என்று யாராவது மார்தட்டினால் நம்பாதீர்கள். சிற்பிக்குத் தெரிந்தது பின்னலின் கணக்கு. அது சின்ன விஷயமும் அல்ல. இரண்டிரண்டாகப் பார்த்தால் தெரியாத ஓர் உறவு மூன்றாகப் பார்த்தால் தெரியும் என்பதை அவர் உளி கண்டுபிடித்திருக்கிறது. அந்த உறவு அணுக்கருவிலும் இருக்கிறது என்று சொல்ல முடுக்கியும் தகடும் வேண்டியிருந்தன. இரண்டுக்கும் உரிய பெருமையைத் தனித்தனியே கொடுப்பதுதான் நியாயம்.

மூன்று துகள்களைச் சேர்த்துக் கணக்கிடுவது லேசான வேலை அல்ல. இந்தத் துறையில் பெங்களூருக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. நம் இந்திய அறிவியல் கழகத்தில் (பழைய தலைமுறையினர் டாடா இன்ஸ்டிடியூட் என்பார்களே, அதுதான்) பேராசிரியராக இருந்த ஆர். ராஜாராமன், இளம் வயதில் அமெரிக்காவில் ஹான்ஸ் பெத்தேயிடம் ஆய்வு மாணவராக இருந்தவர். அணுக்கருப் பொருளில் மூன்று துகள்கள் ஒரே சமயத்தில் ஊடாடுவதை எப்படிக் கணக்கிடுவது என்று இருவரும் சேர்ந்து 1967இல் எழுதிய கட்டுரை அத்துறையில் பெயர்பெற்றது. பரிவேடம் கண்டறியப்படுவதற்கு 18 ஆண்டுகள் முந்தியது அது. அவர்கள் எடுத்துக்கொண்டது அடர்த்தியான பொருள். லித்தியம்-11 அதற்கு நேர்மாறாக மெல்லியது. ஆனால் இரண்டிரண்டாகக் கூட்டினால் விடை வராது என்ற பாடம் இரண்டுக்கும் பொது.

மாய எண் பொய்த்த இடம்

பரிவேடம் பாடப்புத்தகத்தின் இன்னொரு பக்கத்தையும் திருத்தியது. 1949இல் மரியா கெப்பர்ட் மேயரும் ஹான்ஸ் யென்சனும் தனித்தனியே ஒரு விளக்கம் தந்தார்கள்: கருவுக்குள் புரோட்டான்களும் நியூட்ரான்களும் அடுக்கடுக்காக அமர்கின்றன; 2, 8, 20, 28, 50, 82, 126 என்ற எண்ணிக்கையில் அடுக்கு நிரம்பும்போது கரு மிக உறுதியாகிறது. இவற்றுக்கு மாய எண்கள் என்று பெயர். இதற்காக 1963இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

லித்தியம்-11இல் நியூட்ரான்கள் எத்தனை? சரியாக 8. மாய எண்! கணக்குப்படி கெட்டியாக, கச்சிதமாக இருக்க வேண்டிய கரு, மிகத் தளர்ந்ததாக இருக்கிறது. காரணம் என்ன? நியூட்ரான்கள் மிகுந்த இந்த ஓரத்தில் அடுக்குகளின் வரிசையே மாறிவிடுகிறது. மேலடுக்கில் இருக்க வேண்டிய எஸ் என்ற நிலை கீழே இறங்கி வந்துவிடுகிறது. அந்த நிலையில் சுழற்சியால் வரும் தடைச்சுவர் கிடையாது. ஆகவே அலை தாராளமாக வெளியே கசியும். லித்தியம்-11இன் அடிநிலையில் அந்த இரு நியூட்ரான்கள் ஏறத்தாழப் பாதி அளவுக்கு இந்த எஸ் நிலையில் இருக்கின்றன என்று 1999இல் ஜெர்மனியின் ஜி.எஸ்.ஐ. ஆய்வகச் சோதனை காட்டியது. பக்கத்து வீட்டுக்காரரான பெரிலியம்-11இல் இந்த வரிசை மாற்றத்தை 1960லேயே கவனித்திருந்தார்கள். அது ஒற்றை விதிவிலக்கு அல்ல, ஓரத்தின் பொது இயல்பு என்பது பிறகுதான் விளங்கியது.

பழைய மாய எண்கள் மறையும் இடத்தில் புதியவை தோன்றுகின்றன. 8 புரோட்டான்களும் 16 நியூட்ரான்களும் கொண்ட ஆக்சிஜன்-24, எதிர்பாராத உறுதியோடு இருப்பதை 2009இல் ஒரு குழு காட்டியது. அதற்குத் தலைமை தாங்கியவர் இந்தியாவில் படித்து, ஜப்பானில் பணியாற்றி, கனடாவில் பேராசிரியரான ரிதுபர்ணா கனுங்கோ. பிறந்த மண்ணை விட்டு வெளியே போய் வேர்விட்ட ஒரு பெண்மணியின் பெயரை நம் வீட்டுப் பெண் பிள்ளைகள் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

மேக்ரி சர்க்கிளும் வேலா விண்மீனும்

இனி ஆய்வுக்கூடத்தை விட்டு வானத்துக்குப் போவோம். காரணம் இருக்கிறது. பூமியில் ஒரு வினாடியின் ஆயிரத்தில் சில பங்கு மட்டுமே வாழும் நியூட்ரான் மிகுந்த கருக்கள், நிரந்தரமாக இருக்கக்கூடிய இடம் ஒன்று உண்டு. அது நியூட்ரான் விண்மீனின் மேலோடு.

இந்த வரலாற்றில் நம்மவர் இருவர் வருகிறார்கள். முதலாமவர் சுப்பிரமணியன் சந்திரசேகர். எரிந்து அடங்கிய விண்மீன் ஒரு குறிப்பிட்ட எடைக்கு மேல் போனால் தன் கனத்தைத் தானே தாங்காது என்று 1930களில் கணக்கிட்டுக் காட்டியவர். அப்படிச் சரியும் விண்மீன் நியூட்ரான் உருண்டையாக ஆகலாம் என்று 1934இல் பாடேயும் ஸ்விக்கியும் கூறினார்கள். இரண்டாமவர் வி. ராதாகிருஷ்ணன். சர் சி. வி. ராமனின் மகன், சந்திரசேகர் இவருக்குப் பெரியப்பா மகன். 1929இல் சென்னைத் தண்டையார்பேட்டையில் பிறந்தவர். முறைப்படி முனைவர் பட்டம் எதுவும் வாங்காமலேயே சுவீடன், அமெரிக்கா, ஆஸ்திரேலியா என்று வானொலி வானியலில் பெயர் பெற்றவர். தந்தை மறைந்த பின் 1972இல் பெங்களூர் வந்து, மேக்ரி சர்க்கிள் அருகே உள்ள ராமன் ஆராய்ச்சி நிலையத்தின் இயக்குநராக 1994 வரை இருந்தார். 2011இல் காலமானார்.

அவர் ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கியில் பணியாற்றியபோது நடந்தது இது. வேலா என்ற துடிவிண்மீன் வினாடிக்குப் பதினோரு முறை சுழலும் நியூட்ரான் விண்மீன். இத்தகைய விண்மீன்கள் மிகச் சீராக, மிக மெதுவாக வேகம் குறைந்துகொண்டே போகும். 1969 பிப்ரவரி 24க்கும் மார்ச் 3க்கும் இடையே வேலா திடீரென வேகம் கூடிவிட்டது! சுழலும் நேரம் சுமார் 200 நானோ வினாடி குறைந்திருந்தது. பத்து லட்சத்தில் இரண்டு பங்குதான். ஆனால் சூரியனைவிடக் கனமான ஒரு பொருள் அப்படித் துள்ளுவது சாதாரணமல்ல. ராதாகிருஷ்ணனும் ரிச்சர்ட் மான்செஸ்டரும் இதை அறிவித்தார்கள். அதே நேரத்தில் அமெரிக்காவில் ரைக்லி, டவுன்ஸ் என்ற இருவரும் தனியே கண்டிருந்தார்கள்.

ஏன் துள்ளியது? விண்மீனின் மேலோட்டில் கீழே இறங்க இறங்க அழுத்தம் கூடுகிறது. எலக்ட்ரான்கள் புரோட்டான்களுக்குள் நெரிக்கப்பட்டு நியூட்ரான்களாகின்றன. கருக்கள் மேலும் மேலும் நியூட்ரான் மிகுந்தவை ஆகின்றன. ஒரு கன சென்டிமீட்டருக்குச் சுமார் 4 லட்சம் டன் என்ற அடர்த்தி வந்ததும் சிந்துகோடு வந்துவிடுகிறது. நியூட்ரான்கள் கருவிலிருந்து சிந்துகின்றன. ஆய்வுக்கூடத்தில் சிந்தினால் பறந்து போய்விடும். விண்மீனில் ஈர்ப்பு விசை விடாது. சிந்திய நியூட்ரான்கள் கருக்களைச் சுற்றி ஒரு கடலாக நிற்கின்றன. இரண்டிரண்டாக ஜோடி சேர்ந்து உராய்வே இல்லாமல் ஓடும் மீப்பாய்மம் ஆகின்றன.

லித்தியம்-11இலும் இதே ஜோடிதான் வேலை செய்கிறது. வெட்டவெளியில் இரண்டு நியூட்ரான்கள் ஒட்டுவதில்லை. பக்கத்தில் ஒரு கரு இருந்தால் சேர்ந்து நிற்கின்றன. ரஷ்யாவின் அர்க்காதி மிக்டால் 1959இல் நியூட்ரான் விண்மீனில் மீப்பாய்மம் இருக்கும் என்றார். அவரே 1970களின் தொடக்கத்தில், கருவின் விளிம்பில் இரு நியூட்ரான் ஜோடி நிற்க முடியும் என்றும் சொன்னார். விண்மீனும் சின்னக் கருவும் அவருக்கு ஒரே கேள்வியின் இரண்டு முகங்களாகத் தெரிந்தன.

1975இல் ஃபிலிப் ஆண்டர்சனும் நவோகி இட்டோவும் வேலாவின் துள்ளலை இதைக்கொண்டு விளக்கினார்கள். மீப்பாய்மம் சுழலும்போது அதில் மெல்லிய சுழிகள் உண்டாகும். அந்தச் சுழிகள் மேலோட்டுக் கருக்களில் மாட்டிக்கொள்கின்றன. ஓடு வேகம் குறைகிறது. மாட்டிக்கொண்ட பாய்மம் பழைய வேகத்திலேயே சுழல்கிறது. ஒருநாள் சுழிகள் மொத்தமாக விடுபட்டு, தங்கள் வேகத்தை ஓட்டுக்குக் கொடுக்கின்றன. விண்மீன் துள்ளுகிறது. ஓட்டில் உள்ள பாய்மம் மட்டும் இதற்குப் போதுமா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. ஆனால் அடிப்படைக் கருத்து நிலைத்துவிட்டது.

ராமன் நிலையத்தின் ஜி. சீனிவாசன், தீபங்கர் பட்டாச்சார்யா ஆகியோர் ரஷ்ய அறிஞர்கள் இருவரோடு சேர்ந்து 1990இல் ஒரு படி மேலே போனார்கள். விண்மீன் வேகம் குறையும்போது நியூட்ரான் சுழிகள் வெளிநோக்கி நகரும். போகும்போது காந்தப்புலத்தையும் கூடவே இழுத்துச் செல்லும். விண்மீனின் காந்தம் குறைவதற்கு இது காரணமாகலாம் என்றார்கள். அந்தக் கட்டுரை வந்ததும் பெங்களூரிலிருந்து வெளியாகும் 'கரண்ட் சயின்ஸ்' இதழில்தான். மேக்ரி சர்க்கிள் போக்குவரத்தில் சிக்கிக்கொண்டு ஹாரன் அடிக்கும் நம்மில் எத்தனை பேருக்கு, பக்கத்துச் சுவருக்கு அப்பால் நியூட்ரான் விண்மீனின் உள்ளே என்ன நடக்கிறது என்று யோசித்தார்கள் என்பது தெரியும்?

கோலார் தங்கம் எங்கே விளைந்தது?

கடைசியாக நம் தங்கவயல். 1880இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் கம்பெனி அங்கே சுரங்கம் எடுத்தது முதல், வட ஆற்காடு, சேலம் பக்கத்திலிருந்து போன தமிழ்த் தொழிலாளர்கள்தான் பெரும்பாலும் பூமிக்குள் இறங்கினார்கள். அவர்களில் மிகுதியானோர் ஒடுக்கப்பட்ட சமூகத்தினர். மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம். சூடு, தூசி, பாறைவெடிப்பு. 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்படும் வரை சுமார் 800 டன் தங்கம் எடுத்ததாகக் கணக்கு. 1965இல் வளிமண்டலத்தில் உண்டாகும் நியூட்ரினோக்களின் தடயத்தை இந்தியா, ஜப்பான், இங்கிலாந்து அறிஞர்கள் பதிவு செய்ததும் இந்தச் சுரங்கத்தின் ஆழத்தில்தான். அந்த ஆழத்தை வெட்டிக் கொடுத்தவை நம் மக்களின் கைகள்.

அந்தத் தங்கம் பூமியில் உண்டானதல்ல. தங்கத்தின் கருவில் 79 புரோட்டான்கள், 118 நியூட்ரான்கள். சாதாரண விண்மீன் எரியும்போது இரும்பு அளவிலேயே ஆக்கம் நின்றுவிடும். தங்கம் போன்ற கனமான தனிமங்கள் பெருமளவில் உண்டாக, நியூட்ரான் மழை வேண்டும். கருக்கள் ஒரு வினாடிக்குள் நியூட்ரான்களை அடுத்தடுத்து விழுங்கிச் சிந்துகோட்டை நோக்கி ஓட வேண்டும். பிறகு மெல்ல மெல்லச் சிதைந்து நிலையான தங்கமாக அடங்க வேண்டும். இந்தப் பாதையை 1957லேயே கணித்திருந்தார்கள். 2017 ஆகஸ்ட் 17இல், சுமார் 13 கோடி ஒளியாண்டு தூரத்தில் இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் மோதிய அதிர்வும் ஒளியும் பூமியை வந்தடைந்தபோது, அப்படி ஒரு இடத்தில் கனத் தனிமங்கள் உருவாவதற்கான அடையாளங்கள் கிடைத்தன. வேறு இடங்களும் இருக்கலாம்.

ஆக, தங்கவயல் தொழிலாளி வெட்டி எடுத்த ஒவ்வொரு துணுக்கும், 454 கோடி ஆண்டு வயதுடைய பூமி பிறப்பதற்கு முன்பே, நியூட்ரான் மிகுந்த கருக்களாக ஒரு சில கணம் இருந்து வந்தது. லித்தியம்-11 தங்கமாவதில்லை, உண்மை. ஆனால் ஓரத்தில் அடுக்குகள் எப்படி மாறுகின்றன, மாய எண் எங்கே மறைகிறது, எங்கே நிலைக்கிறது என்ற விதிகள் தெரியாமல், பிரபஞ்சத்தில் தங்கம் ஏன் இவ்வளவு, வெள்ளி ஏன் அவ்வளவு என்று சொல்ல முடியாது. அந்த விதிகளைக் காட்டிக்கொடுத்தவற்றில் ஒன்று இந்தச் சின்னப் பரிவேடம்.

இன்னும் அளக்காத பகுதி

இன்று பெயரிட்ட தனிமங்கள் 118. நியூட்ரான் பக்கத்துச் சிந்துகோடு எங்கே இருக்கிறது என்று சோதனையால் உறுதியானது முதல் 10 தனிமங்களுக்கு மட்டுமே. ஃப்ளோரின், நியான் இரண்டுக்கும் எல்லை தெரிந்ததே 2019இல், ஜப்பானின் ரிக்கென் ஆய்வகத்தில். 2022இல் அமெரிக்காவின் மிச்சிகனில் திறந்த புதிய முடுக்கி இன்னும் சற்றுத் தூரம் போகும். தங்கம் உண்டாகும் பாதையில் உள்ள கருக்களில் பெரும்பாலானவற்றை இன்னும் யாரும் அளந்ததில்லை.

நம் பிள்ளைகள் பள்ளியில் கருவின் அளவுக்கான சூத்திரத்தையும் மாய எண் பட்டியலையும் மனப்பாடம் செய்கிறார்கள். செய்யட்டும், தப்பில்லை. கூடவே ஒன்றையும் நாம் சொல்லிக்கொடுக்க வேண்டும்: அந்த விதிகள் அளந்த இடம் வரைக்கும்தான் விதிகள். அளக்காத இடத்துக்குப் போய்ப் பார்த்தவர்கள்தான் தனிஹாட்டாவும் ராதாகிருஷ்ணனும் கனுங்கோவும். பதினோராவது தனிமமான சோடியத்துக்கு எல்லை எது என்ற கேள்வி இன்னும் முடிவாகாமல் இருக்கிறது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் உப்பைக் கையில் எடுக்கும்போது, இந்தச் செய்தியைப் பிள்ளைகளிடம் சொல்லிப் பாருங்கள்.